நாலு டிகிரி

அத்தியாயம் பதினாறு

டப்பா வரவில்லை.

மெக்கானிக் முதலில் இரண்டு விரலால் இழுத்தார். பிறகு கையால் பற்றி இழுத்தார். அதற்கும் வராமல் போகவே, பட்டறையில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, முழங்கையைத் தட்டில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தார். கறக்கென்று எவர்சில்வர் டப்பா கையோடு வந்தது. அதன் முதுகு முழுக்க வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது.

குளிர் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் நாலு என்று எரிந்துகொண்டிருந்தது. நாலு டிகிரி. மருந்துக்குச் சொல்லியிருந்த குளிர் அதுதான். அந்த எழுத்து ஒருநாளும் மாறியதில்லை.

டப்பாவைத் திறந்தார். உள்ளே பஞ்சுத்தாள், அதற்குள் அட்டைப் பெட்டி, அதற்குள் ஊசிப் பேனா. மருந்து தெரிவதற்காகப் பேனாவின் இடுப்பில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி இருக்கவேண்டிய மருந்து வெள்ளைக் கட்டியாக நின்றது. சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு அந்தப் பேனா வந்து சேர்ந்த கதை தெரியும். பல் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது கையில் கிடைத்த பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற இந்த மெக்கானிக்குக்கு ஒரே பெண். வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். வயது பதிமூன்று, பார்க்கிறவர்கள் பத்து என்பார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், வளர்த்தி நின்றுபோய், குடலில் புண்ணும் வீக்கமுமாக அவள் பட்ட பாட்டுக்கு டாக்டர் வைத்த பேர் குடல் அழற்சி நோய். கிருமியால் வந்ததல்ல, கண்டதைத் தின்று வந்ததும் அல்ல. கிருமியை அடிக்கவேண்டிய உடம்பின் காவல், ஆள் அடையாளம் தெரியாமல் சொந்தக் குடலையே அடிக்கிறது.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. வலி அடங்கியது, ஆனால் முகம் பந்தாக வீங்கியது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கேலி செய்வதற்கு முன்னால் அவளே தன்னைக் கேலி செய்து எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து. அது கொஞ்ச காலம் கைகொடுத்தது. பிறகு அவள் உடம்பு அந்த மருந்தையே எதிரி என்று முடிவுகட்டி, அதற்கும் எதிர்ப்பு உண்டாக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். பெரியவர்களுக்குப் புழக்கத்தில் இருப்பது, குழந்தைகளுக்கு என்று இப்போதுதான் வர ஆரம்பித்திருப்பது. பழைய மருந்து வீக்கம் வரும் ஒரு வாசலை அடைத்தது என்றால் இது வேறொரு வாசலை அடைக்கும். எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கிருமித் தொற்று வராமல் கவனமாக இருக்கவேண்டும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் சண்டை வெடித்தது. மெக்கானிக்கின் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். முன்னால் தெரிகிற சாலையை மட்டும் பார்க்கத் தெரிந்தவள். போடலாம் என்றாள். மெக்கானிக் தலைகீழாக நின்றார். குழந்தைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் மருந்தைத் தன் குழந்தைக்குப் போட்டு அழகு பார்க்க முடியாது என்றார். சமையலறையில் ஒருநாள் வார்த்தை தடித்து, "அந்த மருந்து வழியிலேயே கெட்டுப்போச்சுன்னா எனக்கு சந்தோஷம்தான்" என்றும் சொல்லித் தொலைத்தார். கதவுக்குப் பின்னால் பொடிசு நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

கடைசியில் மனைவி ஜெயித்தாள். முதல் டோஸை ஆஸ்பத்திரியில் சொட்டாக ஏற்றினார்கள். சில வாரத்திலேயே பொடிசு தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள். படியில் நடந்து ஏறுகிறவள் ஓடி ஏறினாள். எந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தவள், அதை நினைக்காமலேயே தோழி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். மெக்கானிக் மனம் மாறினார் என்று சொன்னால் போதாது. தலைகால் தெரியாத பக்தராகிவிட்டார். இரண்டாவது டோஸ் பேனா வடிவில் குளிர்ப் பொட்டலமாக வீட்டுக்கு வந்ததும், "இது என் டிபார்ட்மென்ட்" என்று பிடுங்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

இன்று மத்தியானம் நர்ஸ் வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். குடல் சிஸ்டர் என்று பொடிசு பேர் வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் இருக்க, பொடிசு தானே தன் தொடையில் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு.

மெக்கானிக் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் உருகிவிடும். உருகினால் பழையபடி தெளிவாகிவிடும். பார்த்தால் யாருக்கும் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. இந்த எண்ணம் வந்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. பெட்டிக்குள் வைத்திருந்த தாளை அவர் அடிக்கோடு போட்டுப் படித்தவர். உறைந்துபோனால் பயன்படுத்தக்கூடாது, உருகினாலும் பயன்படுத்தக்கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இந்த வட்டாரத்தில் எந்தக் கடையில் குளிர்பெட்டி நின்றாலும் கூப்பிடுவது அவரைத்தான். பூக்கடை, மீன் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் அவர் கைவேலை. அப்படிப்பட்டவர் தெரியாமல் ஒரு மருந்தை உறையவிட்டார் என்று எந்த மனைவி நம்புவாள்? அதுவும் அது கெட்டால் சந்தோஷம் என்று அவள் காதுபடச் சொன்னவர்.

"ப்பா, எடுத்து வெளில வெச்சாச்சா? குளிரோட போட்டா வலிக்கும்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல?"

பொடிசு வாசலில் நின்றாள். மெக்கானிக் பேனாவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்தபிறகுதான் அது எவ்வளவு கேவலமான காரியம் என்று உறைத்து, கையை முன்னால் கொண்டுவந்தார்.

"உள்ள வாம்மா. உட்காரு."

"நின்னா என்ன?"

"மருந்து உறைஞ்சுபோச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "சரி, உருக வெச்சுட்டா?"

"ஆகாதுடா. இது தண்ணி இல்ல, உள்ள இருக்கறது புரதம். ஒரு தடவ உறைஞ்சா அதோட கட்டமைப்பு உடைஞ்சிடும். உருகினா பார்க்க நல்லாதான் இருக்கும். வேலை செய்யும்னு நம்ப முடியாது."

பொடிசு கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். பெரிய பெண் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று இத்தனை நாள் பழகியதெல்லாம் அந்த அழுகையில் போய்விட்டது.

"தொடர் ஓட்டத்துக்குப் பேரு குடுத்திருக்கேன்ப்பா. முதல் தடவையா என்னையும் சேர்த்துக்கிட்டாங்க. மறுபடியும் அந்த மாத்திரையா? மறுபடியும் பந்து மூஞ்சியா?"

"இல்லம்மா. அப்படி விடமாட்டேன்."

"என்ன பண்ணுவீங்க?"

அவள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"வேணும்னு பண்ணீங்களா?"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கு சமையல்கட்டுல சொன்னீங்க. கெட்டுப்போனா சந்தோஷம்னு. நான் கேட்டேன்."

அவர் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வார்த்தையைத் தேடினார். கிடைத்தது கொஞ்சம்தான்.

"சொன்னேன். பயத்துல சொன்னேன். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். இப்போ அந்த மருந்து இல்லாம போனா உனக்கு என்ன ஆகுமோன்னு பயம். அன்னிக்கு பேசினதும் நான்தான், இதைக் கெடுத்ததும் நான்தான். ஆனா வேணும்னு இல்ல."

"நாலுன்னுதானே காட்டுது. அப்புறம் எப்படி உறையும்?"

இந்தக் கேள்வியை அவர் டப்பாவைத் திறந்ததிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய், வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து கம்பி வைத்த வெப்பமானியை எடுத்தார். கம்பியின் நுனியை அலமாரியின் பின்சுவரில் ஒட்டவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் எண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். அது இறங்கியது. பூஜ்யத்தில் நிற்கும் என்று பொடிசு நினைத்தாள். நிற்காமல் கீழே போனது.

"அப்போ இந்தப் பொட்டி பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல. அளக்கற கண்ணு கதவுப் பக்கம் இருக்கு. அதுக்குத் தெரிஞ்ச இடத்தை அது சொல்லுது. குளிர் உற்பத்தி ஆகறது பின்னால, அந்த சுவத்துல. கதவைத் திறந்தா வெளிக் காத்து உள்ள வந்து கண்ணு சூடாகும். உடனே மோட்டார் ஓடும். முன்பக்கம் நாலுக்கு வர்ற வரைக்கும் ஓடும். அதுக்குள்ள பின்சுவரு..." அவர் முடிக்கவில்லை.

"கதவை யாரு அத்தனை தடவ திறந்தாங்க?"

மெக்கானிக் கதவைத் திறந்து கம்பியை வெளியே எடுத்தார்.

"நீங்க டீ குடிக்கறதைவிட அதிகமா அதைத் திறந்து பார்த்தீங்கப்பா. நான் மாடியிலேருந்து பார்ப்பேன்."

"சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"நீங்க பார்க்கப் பார்க்கத்தான் உறைஞ்சிருக்கு."

உண்மை அதுதான். பின்சுவரில் எதையும் ஒட்டிவைக்காதீர்கள் என்று அவர் திட்டாத கடைக்காரர் கிடையாது. தன் பெண்ணின் மருந்துக்கு மட்டும், கதவுப் பக்கம் வைத்தால் வெளிக்காற்று படும், யாராவது தட்டிவிடுவார்கள் என்று நினைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அதே சுவரில் சாத்தினார். இரும்புக்கு இரும்பு ஒட்டினால் குளிர் எப்படிப் பாயும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசம் வந்தபோது தொழில் மறந்துவிட்டது.

பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழுகை நின்றிருந்தது.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"முதல்ல சிஸ்டருக்குப் போன் பண்ணுங்க. அம்மா வர்றப்போ கையில ஒரு பதிலாவது இருக்கட்டும். வெறுங்கையோட நின்னீங்கன்னா தொலைஞ்சீங்க."

அவர் போன் செய்தார். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று, யாரால் ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீங்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தானே சார்?" என்றார் குடல் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர்."

"சரி. பதறாதீங்க. உறைஞ்சுபோச்சுன்னு வர்ற போன் எனக்குப் புதுசில்ல. சொல்லாம போட்டுடறவங்களை நினைச்சாத்தான் பயம். அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுமேல இருக்கற நம்பர் தெரியற மாதிரி படம் எடுத்து அனுப்புங்க. மாத்து மருந்துக்குக் கேக்கறேன். ஆனா அது வர்றதுக்கு எவ்வளவு நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. இப்போதான் அவளுக்குக் கேக்க ஆரம்பிச்சிருக்கு. இடைவெளி விழுந்தா நல்லா இருக்காது. மருந்தகத்துல வேற வழி இருக்கான்னு பார்த்துட்டு கூப்பிடறேன்."

மனைவி காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது அந்தப் பதில் இன்னும் வரவில்லை. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தவள், அப்பாவும் பெண்ணும் நிற்கிற தோரணையைப் பார்த்ததும் நின்றாள். ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கண்ணாடியில் பார்த்தே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்கிற கண் அது.

மெக்கானிக் சொன்னார். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. தெரியாமயா?"

"தெரியாமதான்."

"ஊர்ல பாதிப் பேரு ஐஸ் பொட்டி உங்க கைபட்டுதான் ஓடுது. மீன் கடைக்காரர் மீன் ஒருநாள் கெட்டதில்ல. உங்க சொந்தப் பட்டறையில, உங்க சொந்தப் பொண்ணு மருந்து உறையுதுன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"தப்பு பண்ணிட்டேன்னு எடுத்துக்கோ."

"அன்னிக்கு என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதை நான் மறக்கணும்னு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? நீங்க மாறிட்டீங்கன்னு நம்பினேன். நிஜமாவே நம்பினேன்." அவள் குரல் உடைந்தது. அழுதுவிடக் கூடாதென்று சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எதைச் சொன்னாலும் சாக்குப்போக்கு மாதிரித்தான் இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது. பத்து வருஷம் குளிரில் கைவைத்துச் சம்பாதித்த பேர், அந்த நிமிஷம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"ம்மா," என்றாள் பொடிசு. "நீ கொஞ்சம் யோசி. அப்பா வேணும்னு கெடுக்கணும்னு நினைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"நீ சும்மா இரு."

"இல்ல, கேளு. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாப் போதும். கரண்ட் போச்சுன்னு சொல்லலாம், யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. அதை விட்டுட்டு யாராவது பஞ்சுத்தாள் சுத்தி, டப்பாவுல போட்டு, பூட்டு போட்டு, மேல எழுதி ஒட்டி வெப்பாங்களா?" அவள் டப்பாவைத் தூக்கி அம்மா முன்னால் நீட்டினாள். மூடியில் மெக்கானிக்கின் கோணல் எழுத்தில் 'கை வெச்சா கொன்னுடுவேன்' என்று ஒட்டியிருந்தது. "இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தர் வேணும்னு கெடுக்கவே முடியாதும்மா. இது பாசமா இருந்து மொக்க பண்ணினது."

மனைவி அந்த எழுத்தைப் பார்த்தாள். அலமாரிக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள்.

"இந்தப் பூட்டு எதுக்கு?"

"நீ எடுத்து வீட்டு ஃப்ரிட்ஜுல மாத்தி வெச்சிடுவியோன்னு," என்றார் மெக்கானிக்.

"வெச்சிருந்தா பொழச்சிருக்கும்."

"ஆமா."

அவள் அவரை முறைத்தாள். முறைப்பு அப்படியே இருக்க, உதட்டோரம் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பொடிசு களுக்கென்று சிரித்துவிட்டாள். மனைவி அந்த டப்பாவை வாங்கி, அதன் முதுகில் இன்னும் ஒட்டியிருந்த பனியைக் கட்டைவிரலால் சுரண்டினாள்.

"மடையன்," என்றாள் மெதுவாக. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெக்கானிக்குக்கு உயிர் வந்தது.

போன் அடித்தது.

"சார், ஒரு பேனா இருக்கு," என்றார் குடல் சிஸ்டர். "இன்னொரு குழந்தைக்குன்னு வந்தது. மருந்தகத்தை விட்டு வெளியே போகல, அதனால இன்னொருத்தருக்குக் குடுக்கலாம். அந்த வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. டாக்டர் உங்க பொண்ணுக்குப் போடச் சொல்லிட்டாங்க. ஆனா நான் கொண்டு வரமாட்டேன், நீங்க இங்க வாங்க. உங்க வீட்டுக் குளிர்மேல எனக்கு இன்னிக்கு நம்பிக்கை இல்ல."

மெக்கானிக் அசடு வழியச் சிரித்தார். மனைவி கையை நீட்டினாள்.

"வண்டி சாவியைக் குடுங்க. நீங்க இன்னிக்கு எதையும் தொடவேண்டாம்."

ஆஸ்பத்திரியின் பகல்நேர வார்டில் பொடிசுக்கு எல்லாரையும் தெரியும். எந்தக் கட்டிலின் சக்கரம் கீச்சிடும், எந்த ஜன்னலில் வெயில் அடிக்காது என்பது வரை தெரியும். இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் படுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தாள். இன்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குடல் சிஸ்டர் பேனாவைக் கொடுத்தார். "மருந்தில்லாத பயிற்சிப் பேனாவுல செஞ்ச மாதிரியேதான் கண்ணு. அழுத்தினதும் ஒரு கிளிக். எடுத்துடாதே. ரெண்டாவது கிளிக் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கோ."

பொடிசு பேனாவின் ஜன்னலில் மருந்தைப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. அப்பாவிடம் நீட்டினாள். "நீங்களும் பாருங்க." அவர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். அவள் அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினாள்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெரிசலில் பஸ்ஸை நூல் பிடித்தாற்போல் ஓட்டுகிறவளுக்கு ஊசி என்றால் ஆகாது. மெக்கானிக் மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தார். பெண் தொடையில் பேனாவை ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து, அழுத்தினாள். கிளிக். கண்ணை இறுக மூடிக்கொண்டாள், கை அசையவில்லை. கிளிக்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்," என்றார் சிஸ்டர்.

"இதுக்கா நான் நேத்து தூங்கல?"

டாக்டர் வந்து அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இங்கே வலிக்கிறதா, இங்கே என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கேயும் இல்லை. போன வாரம் எடுத்த ரத்தத்தில் வீக்கத்தின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்.

"எல்லாக் குழந்தைக்கும் இப்படிக் கேக்கும்னு நான் சொல்லமாட்டேன். உனக்குக் கேக்குது. ஓட்டத்துல எந்த இடத்துல ஓடறே?"

"கடைசி ஆளு டாக்டர். முடிக்கறது நான்தான்."

"அப்போ நல்லா சாப்பிடு."

மனைவி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மெக்கானிக் பார்த்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் ஒருவர் நின்றபடி டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். வார்டை விட்டு வெளியே வந்த டாக்டரை அவர் வழியிலேயே பிடித்திருக்கவேண்டும். தேய்த்த சட்டை, கையில் போன். அதில் எதையோ படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மெல்லிய கைகால், அதற்குச் சற்றும் பொருந்தாத உருண்டை முகம். அவள் பார்வை எதிரே இருந்த கழிப்பறைக் கதவை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வையை மெக்கானிக் தன் வீட்டில் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறார்.

"முதல் தடவை ஏத்தினதே தப்புன்னு நினைக்கறேன் டாக்டர். இதுல என்னென்னமோ போட்டிருக்கு. பேனா வேண்டாம்னு காலைலயே சொல்லிட்டேன். வேண்டாம்னா வேண்டாம்தான்."

"சரி. உங்க முடிவுதான். ஆனா ரொம்ப நாள் யோசிக்க முடியாது. நீங்க சரின்னா புதுசா வரவழைச்சுக்கலாம்," என்றார் டாக்டர். அடுத்த நோயாளிக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

அந்த மனிதர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, போனை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் கையில் தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. பொடிசுக்கு இன்று எங்கிருந்து பேனா கிடைத்தது என்பது புரிந்துபோனது. சில வாரத்துக்கு முன்னால் இதே தாழ்வாரத்தில், இதே குரலில், இதே மாதிரிப் பேசிய இன்னொரு அப்பாவையும் அவருக்குத் தெரியும். அந்த ஆளைத் தடுக்க வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தாள். இந்த மனிதருக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"என்னங்க, போலாமா?" மனைவி பின்னால் வந்து நின்றாள். பொடிசு அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

"நீங்க வண்டில இருங்க. வந்துடறேன்."

மனைவி அவர் பார்வை போன திசையைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது.

"மருந்து நல்லது, போடுங்கன்னு பாடம் எடுக்காதீங்க. உங்களுக்கு அது வராது."

"தெரியும்."

"பின்ன என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல."

அவள் அவர் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "சீக்கிரம் வரவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் பெண்ணை அணைத்தபடி நடந்தாள்.

மெக்கானிக் அந்த மனிதர் எதிரே போய் நின்றார். அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, கிரீஸ் படிந்த விரல்களையும் பட்டறைச் சட்டையையும் பார்த்தார்.

"மருந்து கம்பெனி ஆளா?"

"இல்லைங்க. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். என் பொண்ணுக்கும் இதேதான்."

"எனக்கு யோசனை வேண்டாம்ங்க. வர்றவங்க எல்லாம் யோசனைதான் சொல்றாங்க."

"யோசனை சொல்ல வரல," என்றார் மெக்கானிக். "அந்த மருந்து வேண்டாம்னு நானும் சண்டை போட்டவன்தான். இன்னிக்குக் காலைல அவளுக்கு வந்த பேனாவை என் கையாலயே கெடுத்துட்டேன். உங்க குழந்தைக்கு வந்தது இப்போ என் பொண்ணு உடம்புல இருக்குங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரல."

அந்த மனிதர் போனை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். சின்னப் பெண்ணும் கழிப்பறைக் கதவிலிருந்து கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

பிறகு அந்த மனிதர் மறுபக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெக்கானிக் உட்கார இடம் விட்டார்.